மின்வழங்கியும் நாத சுத்தமும்

வீட்டிலே பாட்டுப் பெட்டி வைத்திருப்போரிடையே பரவியுள்ள நம்பிக்கைகளுள், மின்வழங்கியைப் பெரிதாக்கினால் நாதம் சுத்தப்படும் என்ற நம்பிக்கையைப் போல, மெய்யும் பொய்யும் பிரித்தெடுக்க இயலாதபடி கலந்து நிற்பது வேறொன்று உண்டோ என்பது சந்தேகமே. கல்முனைக் கடைத்தெருவில் உதிரிப்பாகம் விற்கும் கடையொன்றில் நின்று, “காக்கா, அம்ப்ல ஒரே இரையுது, என்ன செய்யலாம்?” என்று வினாயகபுரத்து இளைஞன் ஒருவன் கேட்பானானால், “பெரிய டிரான்ஸ்போமர் ஒன்டு போடுங்க தம்பி, எல்லாம் சரியாப் போகும்” என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும்; அந்த விடை சில வேளைகளில் முற்றிலும் சரியானதாயும், பல வேளைகளில் வெறும் பண விரயமாயும் முடிகிறது. கடைக்காரரைக் குறை கூறுவது நியாயமன்று; செல்வச் செழிப்புள்ள தேசங்களிலும் நிலைமை இதுவே. இங்கிலாந்தின் சோல்ஸ்பரி நகரத்து நெயிம் நிறுவனம், அம்ப்ளிஃபயரை ஒரு பெட்டியாகவும் அதற்கு உயர்ந்த மின்வழங்கியை வேறொரு பெட்டியாகவும் விற்று, முதலாவதை வாங்கியவர் பின்னொரு காலத்தில் இரண்டாவதையும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற முறையை நெடுங்காலமாகக் கையாண்டு வந்துள்ளது. ஜப்பானிலோ, அயலாருடைய மின்சாரத்தின் அழுக்கு தம்முடையதோடு கலவாதிருக்க வேண்டும் என்று, வீட்டு முற்றத்திலே தமக்கென்று தனி மின்கம்பமும் டிரான்ஸ்போமரும் நாட்டிக்கொண்ட இசை ரசிகர்களும் உண்டு. அத்தனை தூரம் போக நமக்கு வசதியுமில்லை, அவசியமுமில்லை. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரையுள்ள இக்கரையோரத்து வீடுகளிலே, உள்ளூர் வானொலித் திருத்துநர் கட்டிக்கொடுத்த 4440 ஐ.சி. அம்ப்ளிஃபயரோ, பழைய ஜப்பானியச் செட்டோ, இணையக் கடையில் வரவழைத்த சிறிய டிஜிட்டல் பெட்டியோ வைத்திருக்கும் ஒருவர், மின்வழங்கிக்காக ஒரு ரூபாயேனும் செலவிடுமுன் அது பயன் தருமா தராதா என்பதைத் தமது காதினாலேயே தீர்மானித்துக்கொள்வதற்கு வழி உண்டா என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம். வழி உண்டு, அதற்கு வேண்டியது இரவல் வாங்கிய ஒரு முச்சக்கரவண்டிப் பற்றரி மட்டுமே.

அதற்கு முன்னர், மின்வழங்கி என்பது செய்யும் காரியம் யாதென்று சிறிது பார்த்துக்கொள்வது உத்தமம். நமது வீட்டுச் சுவர்த்துளையில் வருவது 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டம். அம்ப்ளிஃபயர் விரும்புவதோ ஏற்றத்தாழ்வில்லாத நேரோட்டம். டிரான்ஸ்போமர் வோல்ற்றளவைக் குறைக்கிறது. நான்கு டயோட்டுகள் சேர்ந்த பாலம், திசை மாறி மாறி ஓடுவதை ஒரே திசையில் ஓடச் செய்கிறது. அவ்வாறு திருப்பப்பட்ட ஓட்டம் விநாடிக்கு 100 முறை எழுந்தும் விழுந்தும் வருவதால், அந்த விழுகைகளை நிரப்புவதற்கென்று ஒரு பெரிய மின்கொள்ளளவி, கடையில் கெப்பாசிற்றர் எனப்படுவது, வைக்கப்படுகிறது. வடகீழ்ப் பருவ மழையை ஒரு சில மாதங்களிலே வாங்கி வைத்துக்கொண்டு, மழையற்ற சிறுபோகத்துக்கு மதகு வழியாகச் சிறிது சிறிதாக விடுகின்ற சேனநாயக்க சமுத்திரத்தின் தொழில்தான் கெப்பாசிற்றரின் தொழிலும். நீர் எடுக்க எடுக்கக் குளத்தின் மட்டம் இறங்குவதும் அடுத்த மழைக்கு ஏறுவதும் போல, இதன் வோல்ற்றளவும் விநாடிக்கு 100 முறை இறங்கி ஏறுகிறது. அந்த ஏற்ற இறக்கமே சிற்றலை. அது ஒலிபெருக்கியை எட்டுமானால் கீழ்ஸ்தாயியில் ஓயாத ஓர் இரைச்சலாகக் கேட்கிறது. சிற்றலையின் அளவைக் கணிப்பதும் கடினமன்று: எடுக்கும் அம்பியரை, 100-ஐயும் கெப்பாசிற்றரின் பரட் அளவையும் பெருக்கி வந்த தொகையால் வகுத்தால் போதும். 1 அம்பியர் எடுக்கும் அம்ப்ளிஃபயரில் 4,700 மைக்ரோபரட் இருந்தால் சிற்றலை ஏறக்குறைய 2 வோல்ற்று. 10,000 மைக்ரோபரட் இருந்தால் 1 வோல்ற்று.

இந்தக் கணக்கைக் கண்டவுடனே, அப்படியானால் கெப்பாசிற்றரை இருபதாயிரம், நாற்பதாயிரம் என்று கூட்டிக்கொண்டே போனால் சிற்றலை அற்றுப்போய் நாதம் தெளிந்துவிடுமன்றோ என்று தோன்றும். அங்கேதான் முதல் இடறல். சிற்றலை இருப்பது வேறு. அது காதுக்கு வருவது வேறு. செம்மையாக அமைக்கப்பட்ட சுற்றொன்று தன் மின்வழங்கியில் உள்ள அசுத்தத்தைத் தானே பெருமளவில் தள்ளிவிடும் சக்தி உடையது. முன்பெருக்கிகளில் பல்லாண்டுகளாகப் பயன்பட்டுவரும் 5532 என்ற ஐ.சி.யில் அந்தத் தள்ளும் சக்தி, தாழ்ந்த மீடிறன்களிலே, ஏறக்குறைய 100 டெசிபெல். அதாவது மின்வழங்கியில் உள்ள சிற்றலையில் இலட்சத்தில் ஒரு பங்கே வெளியே வருகிறது. பத்தில் ஒரு வோல்ற்றுச் சிற்றலை அங்கே ஒரு மைக்ரோவோல்ற்றாகச் சுருங்கி நிற்கும்போது, அதை இன்னும் பாதியாக்குவதற்குப் பணம் செலவிடுபவர், கேட்கவே முடியாத ஒன்றை மேலும் கேட்க முடியாததாக்குகிறார் என்பதற்கு மேல் என்ன சொல்வது! அதே வேளையில், பழைய வால்வு வானொலிகளிலும், ஒற்றை டிரான்சிஸ்டரை மட்டும் நம்பிய மலிவான முன்பெருக்கிகளிலும், ஒலிவாங்கிக்கு மின் கொடுக்கும் வழிகளிலும் இந்தத் தள்ளும் சக்தி மிகவும் சொற்பம். அங்கே மின்வழங்கியின் சுத்தமே நாதத்தின் சுத்தம். ஆகவே, மின்வழங்கியை மாற்றுவது நல்லதா என்ற வினாவுக்குப் பொதுவான விடை கிடையாது. உமது பெட்டிக்கு அது நல்லதா என்ற வினாவுக்கு மட்டுமே விடை உண்டு. அந்த விடையைப் பற்றரி சொல்லும்.

பற்றரியில் பாட்டுக் கேட்பது இக்கரையோரத்தாருக்குப் புதிய சங்கதியன்று. மின்சாரம் வாராத கிராமங்களிலும், வந்த மின்சாரம் போர்க்காலத்தில் அறுந்துபோன ஊர்களிலும், கார்ப் பற்றரியைச் சார்ஜ் ஏற்றும் கடைக்குச் சைக்கிளிலே கட்டிக் கொண்டுபோய், ஏற்றிய பின்னர் அதைக் கொண்டே வானொலியும் தொலைக்காட்சியும் இயக்கிய தலைமுறை இன்றும் நம்மோடு வாழ்கிறது. யாழ்ப்பாணத்திலே 1990களில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்டவர்களும் உண்டு. அக்காலத்து அவதியை விரும்பி நினைப்பாரில்லை. ஆயினும் அந்தப் பற்றரியிலே சிற்றலை என்பதே இல்லை என்பதும், 230 வோல்ற்றுக் கம்பியோடு அதற்கு யாதொரு தொடர்பும் இல்லை என்பதும், சில அம்பியர்கள் எடுத்தாலும் அதன் வோல்ற்றளவு அசையாது நிற்கும் என்பதும் பௌதிக உண்மைகள். எந்த விலை கொடுத்து வாங்கும் மின்வழங்கியும் எட்டவிரும்பும் இலட்சியம் இதுவேயாதலால், பற்றரியில் இயக்கியும் மாறாத குறையை, பின்னர் சொல்லப்படும் ஓரிரு விலக்குகள் தவிர, எந்த மின்வழங்கியும் மாற்றப்போவதில்லை.

பரிசோதனையைச் செய்யும் விதம் இது. உமது அம்ப்ளிஃபயர் 12 வோல்ற்று நேரோட்டத்தில் இயங்குவதாயின், அதன் மின்வழங்கியைக் கழற்றிவிட்டு, முச்சக்கரவண்டி அல்லது கார்ப் பற்றரி ஒன்றிலிருந்து இரண்டு கம்பிகளால் இணைக்க வேண்டும். சிவப்புக் கம்பியில், பற்றரியை ஒட்டினாற்போல், 5 அம்பியர் பியூஸ் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். கம்பிகள் ஒன்றோடொன்று உரசினால் பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியரைக் கொட்டவல்லது, அதன் விளைவு தீ. நேர், மறை முனைகளை இருமுறை பார்த்த பின்னரே சுவிட்சைப் போட வேண்டும். தலைகீழாகக் கொடுத்தால் ஐ.சி. கண் இமைக்கும் நேரத்தில் போய்விடும். பின்னர், நன்கு பரிச்சயமான பாட்டு ஒன்றையும், பாட்டே இல்லாத மௌனத்தையும், முதலில் மின்வழங்கியிலும் அடுத்துப் பற்றரியிலும் கேட்டு ஒப்பிட வேண்டும். ஒலிக் குமிழைத் தொடக்கூடாது. ஒரு டெசிபெலுக்கும் குறைந்த சத்த வித்தியாசத்தைக்கூட மனித மனம் “சத்தம் கூடியது” என்று உணராமல் “தெளிவு கூடியது” என்றே உணரும் இயல்புடையது, அந்த மயக்கத்திலேதான் உலகெங்கும் விலை உயர்ந்த பெட்டிகள் விற்பனையாகின்றன. கேட்பவர் திரைக்கு அப்பால் அமர்ந்திருக்க, வேறொருவர் மாற்றிக் கொடுப்பது இன்னும் சிறந்தது. எது ஓடுகிறதென்று அறியாமல் கேட்டுச் சரியாகச் சொல்ல முடிந்தால் வித்தியாசம் உண்மை, முடியாவிட்டால் அது பிரமை. முழுமையாக ஏறிய பற்றரி ஓய்வில் 12.7 வோல்ற்றளவில் நிற்கும். சார்ஜரில் பூட்டியபடியே சோதிக்கக்கூடாது, ஏனெனில் அப்போது சார்ஜரின் அசுத்தத்தையே கேட்பீர். 24 வோல்ற்றுப் பெட்டிக்கு இரண்டு பற்றரிகளைத் தொடராக இணைக்கலாமோ என்று சிலர் எண்ணக்கூடும். இணையத்தில் அதிகம் விற்பனையாகும் 3116 டிஜிட்டல் ஐ.சி.யின் இயங்கு எல்லை 26 வோல்ற்று. புதிதாக ஏற்றிய இரண்டு பற்றரிகள் அந்த எல்லையைத் தொட்டுவிடக்கூடும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. 230 வோல்ற்றை நேரே பெட்டிக்குள் வாங்கும் பழைய செட்டுகளுக்கும் இந்தச் சோதனை பொருந்தாது. அவற்றின் மூடியைத் திறப்பது பயின்ற திருத்துநரின் வேலை.

பற்றரியில் போட்டதும் இரைச்சல் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தொலைக்காட்சியோ கணினியோ அதில் இணைக்கப்படாதிருக்குமானால், குறை மின்வழங்கியில்தான் என்பது நிச்சயம். ஆயினும் பெரிய டிரான்ஸ்போமர்தான் பரிகாரம் என்பது இன்னும் நிச்சயமில்லை. முதலில் சந்தேகிக்க வேண்டியது கெப்பாசிற்றரின் முதுமையை. உள்ளே ஈரமான இரசாயனம் ஊறிய இந்தப் பொருள் சூட்டினால் வற்றிக்கொண்டே வருவது. சூடு 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொதுக் கணக்கு. தகரக் கூரையின் கீழ், காற்றோட்டமற்ற அலுமாரிக்குள், ஐ.சி.யின் சூட்டுத்தகட்டுக்குப் பக்கத்திலே வைத்த கெப்பாசிற்றர், மேற்றலை உப்பி நிற்குமானால் வேறு சோதனையே வேண்டாம். 85 பாகைக்கு உரியதைக் கழற்றி, அதே மைக்ரோபரட்டும் அதற்குக் குறையாத வோல்ற்றளவும் கொண்ட 105 பாகை வகையை இடுவது, சிறிய செலவில் பெரிய பலனைத் தரும் திருத்தம். பழைய வால்வு வானொலிகளின் இரைச்சலில் பெரும்பகுதி இந்த ஒன்றினாலேயே நீங்கிவிடும். கடற்காற்றின் உப்பு, கெப்பாசிற்றரின் கால்களையும் பிளக்கின் பித்தளையையும் அரித்துப் பச்சை பூக்கச் செய்வதால், அவற்றைத் துடைத்துப் புதிதாக ஈயம் வைப்பதும் அதனோடு சேர்த்துச் செய்ய வேண்டிய காரியம்.

இரண்டாவது சந்தேகம் நமது கிராமங்களுக்கே உரியது. பிறநாட்டு நூல்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இரைச்சல் பகலிலும் நள்ளிரவிலும் இல்லை, மாலை ஆறரை முதல் ஒன்பதரை வரையில் மட்டும் வருகிறது என்று ஒருவர் சொன்னால், நான் அவருடைய அம்ப்ளிஃபயரைப் பார்க்குமுன் சுவரின் வோல்ற்றளவைப் பார்ப்பேன். விதிப்படி நமது மின்சாரம் 230-இலிருந்து நூற்றுக்கு ஆறு கூடியோ குறைந்தோ, அதாவது 216-க்கும் 244-க்கும் இடையில் இருக்க வேண்டும். ஆனால் கம்பியின் கடைக்கோடியில் உள்ள வீட்டிலே, எல்லோரும் விளக்கும் மின்விசிறியும் சோற்றுப் பானையும் போடும் வேளையிலோ, அயலில் நெல் ஆலை மோட்டார் புறப்படும் கணத்திலோ, அது 205-க்கு இறங்குவதாக வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். உமது அம்ப்ளிஃபயரில் முன்பெருக்கிக்கும் புளூடூத் பலகைக்கும் என்று, வோல்ற்றளவை 12-இல் நிறுத்தும் 7812 என்ற சீர்ப்படுத்தி உள்ளது. டிரான்ஸ்போமர் 12 வோல்ற்று. கெப்பாசிற்றர் 4,700 மைக்ரோபரட். எடுப்பு அரை அம்பியர். 230 இருக்கும்போது 12 வோல்ற்றின் உச்சி 17; பாலத்தில் 1.4 போக 15.5; சிற்றலை 1 வோல்ற்று இறங்கினாலும் பள்ளத்தில் 14.5 எஞ்சுகிறது. 7812 தன் பணியைச் செய்ய உள்ளே வருவது வெளியே போவதைவிட ஏறக்குறைய 2 வோல்ற்று அதிகமாக, அதாவது 14 இருக்க வேண்டுமாதலால், இதுவரை மயிரிழையில் தப்பிக்கிறோம். சுவரில் 205 ஆனதும் டிரான்ஸ்போமர் 10.7 தருகிறது, உச்சி 15.1, பாலம் போக 13.7, பள்ளத்தில் 12.7. சீர்ப்படுத்தி கைவிட்டுவிடுகிறது; விநாடிக்கு 100 முறை சிற்றலையின் பள்ளம் அப்படியே வெளியே வழிகிறது; ஒலிபெருக்கி இரைகிறது. இந்த நிலையிலே அதே 12 வோல்ற்றில் பத்து அம்பியர் டிரான்ஸ்போமர் வாங்கிப் போட்டாலும், அதன் வோல்ற்றளவும் சுவரோடு சேர்ந்தே இறங்குமாதலால், மாலை நேரத்து இரைச்சல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். வாங்கியவர் தமது காதைச் சந்தேகிப்பார்.

பரிகாரம் பருமனில் இல்லை, வோல்ற்றளவில் உள்ளது. சிறிய 15 வோல்ற்று டிரான்ஸ்போமர் ஒன்றைச் சீர்ப்படுத்திக்கு மட்டும் இட்டால், 205 வோல்ற்றிலும் பள்ளத்தில் 16-க்கு மேல் நிற்கும். சீர்ப்படுத்தி நிம்மதியாக வேலை செய்யும். ஆனால் சுவரில் 244 வரும் நேரத்தில் கெப்பாசிற்றரின் மேல் 21 வோல்ற்றுக்கு மேல் ஏறும் என்பதால், அது 25 அல்ல, 35 வோல்ற்றுக்கு உரியதாக இருக்க வேண்டும். மிஞ்சிய 9 வோல்ற்று அரை அம்பியரில் நாலரை வாற்றுச் சூடாக மாறுவதால், 7812-க்கு நல்ல அலுமினியத் தகடும் வேண்டும். ஒரே எச்சரிக்கை: இந்த 15 வோல்ற்றைத் தவறியும் 4440-க்கு நேரே கொடுக்கக்கூடாது. அந்த ஐ.சி. 13.2 வோல்ற்றுக்கு வகுக்கப்பட்டது. இயங்கும்போது அதற்கு எல்லை 18. “வோல்ற்றைக் கூட்டினால் பேஸ் கூடும்” என்று இதற்கு 15 வோல்ற்று டிரான்ஸ்போமர் இட்டு, ஐ.சி.யை எரித்தவர்கள் இக்கரையோரத்தில் ஏராளம்.

வோல்ற்றும் பேஸும் சம்பந்தப்பட்ட இடம் உண்மையிலேயே உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சத்தத்தைக் கூட்டும்போது மத்தளமும் தவிலும் பிளந்து கேட்பது, அம்ப்ளிஃபயர் தன் வோல்ற்றளவின் விளிம்பில் முட்டுவதனால். வோல்ற்றளவு இருமடங்கானால் வாற்று நான்கு மடங்காகும். 12 வோல்ற்று அடப்டரில் ஓடும் டிஜிட்டல் பெட்டி, 8 ஓம் ஒலிபெருக்கிக்குச் சுமார் 9 வாற்றுக்கு மேல் சுத்தமாகத் தர இயலாது. அதையே 24 வோல்ற்றில் இயக்கினால் 36 வாற்று, அதாவது 6 டெசிபெல் அதிகம். இது எவருக்கும் கேட்கும் வித்தியாசம். மின்வழங்கியை உயர்த்துவதால் வரும் மெய்யான நன்மைகளுள் முதலாவது இதுதான். ஆனால் பழைய மடிக்கணினியின் 19 வோல்ற்று, 3.42 அம்பியர் சார்ஜரை ஏற்கெனவே வைத்திருப்பவர் 24-க்குப் போவதால் பெறுவது 2 டெசிபெல் மட்டுமே. அதற்காக நான் செலவழிக்கமாட்டேன். 24-க்குப் போகுமுன், பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிற்றர்களில் 25 வோல்ற்று என்று அச்சிட்டிருக்கிறதா 35 என்று அச்சிட்டிருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பது அவசியம். மெல்லிய ஒலியில் கேட்பவருக்கு இந்த உயர்வுகள் எல்லாம் ஒன்றுமே செய்யா.

அடுத்தது, இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் பிரச்சினை: கைத்தொலைபேசிப் பாட்டுக்கென்று புளூடூத் பலகையைச் சேர்த்தவுடன் ஒலிபெருக்கியில் “கிர்” என்றும் “பிப் பிப்” என்றும் சன்னமான சத்தங்கள் வருகின்றன, கெப்பாசிற்றர் எத்தனை சேர்த்தாலும் போவதில்லை. காரணம் சிற்றலையன்று. பலகையும் அம்ப்ளிஃபயரும் ஒரே 12 வோல்ற்றைப் பங்கிட்டுக்கொள்வதால், பலகை தன் டிஜிட்டல் வேலைக்காக விட்டுவிட்டு இழுக்கும் ஓட்டம் பொதுவான மறைக்கம்பியில் ஓடி, அதே கம்பியைத் தன் ஒலிச் சமிக்ஞையின் ஆதாரமாகக் கொண்ட அம்ப்ளிஃபயரில் சத்தமாகப் பிறக்கிறது. இங்கே பற்றரிச் சோதனை முதலில் நம்மை ஏமாற்றும்: இரண்டையும் ஒரே பற்றரியில் போட்டால் சத்தம் அப்படியே இருக்கும். பலகையைத் தனியே கைத்தொலைபேசிப் பவர் பாங்கில் போட்டுப் பாருங்கள்; சத்தம் மாயமாகும். அதன் பின்னர், பலகைக்கென்று தனி 5 வோல்ற்றுச் சார்ஜரையோ, பி1205எஸ் என்று குறியிட்ட சிறிய தனிமைப்படுத்தி ஒன்றையோ இடுவது நிரந்தரப் பரிகாரம். பின்னது 1 வாற்றுக்கு மேல் தராது என்பதால், பலகையில் எல்.ஈ.டி. அலங்காரம் அதிகம் இருந்தால் அது போதாது. பெரிய மின்வழங்கி ஒன்றும் செய்யாத இடத்தில், சிறிய இரண்டாவது மின்வழங்கி எல்லாம் செய்கிறது.

சுவிட்ச் முறை மின்வழங்கிகளைக் குறித்து, அவை நாதத்துக்கு விஷம் என்று பேசும் வழக்கம் ஒன்றுண்டு. விநாடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தை வெட்டி வேலை செய்பவை அவை. வெட்டும் வேகம் காதின் எல்லைக்கு அப்பாற்பட்டது. நல்ல தயாரிப்பு என்றால், வோல்ற்றளவு 205-க்கு இறங்கினாலும் வெளியே தருவதை அசையாமல் தருவதால், மாலை நேரக் கம்பியின் தோஷத்துக்குப் பழைய டிரான்ஸ்போமரைவிட இவையே மேல் என்பது என் அபிப்பிராயம். மத்திய அலை வானொலியில் மட்டும் குற்றச்சாட்டு நியாயமானது. இராக் காலத்தில் கடல் கடந்து வரும் தமிழ்நாட்டு நிலையங்களைக் கேட்கும் பழக்கமுள்ளோர், மலிவான சார்ஜரும் எல்.ஈ.டி. விளக்கும் அந்த அலைவரிசையில் கொட்டும் இரைச்சலை நன்கு அறிவர். அவர்கள் வானொலியைப் பற்றரியில் போட்டு, வீட்டுச் சார்ஜர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் குற்றவாளி அகப்படும். பண்பலைச் சேவைகளுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் கிடையாது.

தடித்த மின்கம்பி, தங்கமுலாம் பிளக், விசேஷ பியூஸ் ஆகியவற்றைக் குறித்து ஒரு வாக்கியம் போதும்: அவை நாதத்தை மாற்றுவதில்லை. கெப்பாசிற்றரை மிதமிஞ்சிக் கூட்டுவது மாற்றும், ஆனால் தீய வழியில். குளம் பெரிதாகப் பெரிதாக அது நிரம்பும் நேரம் சுருங்கி, டயோட் வழியே வரும் ஓட்டம் கூர்மையான துடிப்புகளாகி, டிரான்ஸ்போமர் முனகவும், பக்கத்துக் கம்பிகளில் புதிய இரைச்சல் தூண்டப்படவும், சுவிட்சைப் போடும் கணத்தில் பாலம் வெடிக்கவும் ஏதுவாகிறது. வோல்ற்றைச் சீராக்கும் ஸ்டபிலைசர் உபகரணத்தைக் காப்பாற்றும், அசுத்தத்தை நீக்காது. 2022-ஆம் ஆண்டின் நெடிய மின்வெட்டுக் காலத்தில் பலர் வாங்கிய மலிவான இன்வேர்ட்டர்கள், ஒழுங்கான சைன் அலைக்குப் பதிலாகப் படிக்கட்டு வடிவான அலையைத் தருவதால், அவற்றில் டிரான்ஸ்போமர் செட்டுகள் இரைவது இயல்பு. அந்த இரைச்சலை வைத்து அம்ப்ளிஃபயரைத் திருத்தக் கொடுக்க வேண்டாம்.

இறுதியாக, பற்றரியில் போட்டும் இரைச்சல் போகவில்லை என்றால் என்ன செய்வது? ஒலிக் குமிழைத் திருப்பிப் பாருங்கள். குமிழோடு சேர்ந்து இரைச்சலும் கூடிக் குறைந்தால் அது குமிழுக்கு முன்னே, பாட்டு வரும் வழியிலே நுழைகிறது; பெரும்பாலும் கவசம் அறுந்த ஆர்.சி.ஏ. கம்பியோ, உப்பேறிய துளையோ காரணம். பற்றரியில் அன்றி மின்வழங்கியில் ஓடும்போது, தொலைக்காட்சியையோ கணினியையோ இணைத்தால் மட்டும் வந்து, அந்தக் கம்பியைக் கழற்றினால் போய்விடும் 50 ஹேர்ட்ஸ் உறுமல், இரு உபகரணங்களும் இரண்டு இடங்களில் நிலத்தோடு இணைந்து வளையம் அமைத்துக்கொண்டதன் அடையாளம். இரண்டையும் ஒரே சுவர்த்துளையிலிருந்து எடுத்துப் பாருங்கள்; போகாவிட்டால், கடையில் கிடைக்கும் சிறிய ஒலித் தனிமைப்படுத்தி டிரான்ஸ்போமரைப் பாட்டு வரும் கம்பியில் சேருங்கள். இந்த உறுமலைப் போக்கப் பிளக்கின் மூன்றாவது ஊசியை வெட்டிவிடுமாறு சிலர் யோசனை சொல்வார்கள். உறுமல் போவதும் உண்மை. ஆனால் அந்த ஊசி, பெட்டிக்குள் 230 வோல்ற்றுக் கம்பி கழன்று தகட்டிலே பட்டால், மின்சாரத்தை நிலத்துக்கு இறக்கி ட்ரிப் சுவிட்சை விழச் செய்வதற்கென்று வைக்கப்பட்டது. அது இல்லாத பெட்டியைத் தொடுகிறவரின் உடலே நிலத்துக்கு வழியாகும். பிள்ளைகள் நடமாடும் வீட்டிலே அந்த ஊசியை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். முன்னரே வெட்டப்பட்டிருந்தால், இந்நூலின் வேறெந்தத் திருத்தத்துக்கும் முன்பாகப் புதிய பிளக் ஒன்றை வாங்கிப் பூட்டுங்கள்.